நடைப்பிணமும் பெயருள்ள இறந்தோரும்: உன்னிச்சையிலிருந்து ஒரு விமர்சன நோக்கு

1

திகிற்படங்கள், அவற்றுள்ளும் சொற்ப செலவில் ஆர்வலர்கள் சிலர் கூடி எடுக்கும் பிணப்படங்கள், எமது பல்கலைக்கழக வட்டாரங்களில் ஆராய்ச்சிக்குரியனவாகக் கருதப்படுவதில்லை. இலக்கியத் தூய்மை பேசுவோர் அவற்றைக் கீழ்த்தர இரசனை என ஒதுக்குகின்றனர். முற்போக்கு அணியைச் சேர்ந்தோரிற் பலரும் அவற்றை நச்சுக் கலை என்ற ஒரே தீர்ப்புடன் கடந்து சென்றுவிடுகின்றனர். இவ்விரு சாராரும் வேறு வேறு திசைகளிலிருந்து வந்து ஒரே முடிவில் நிற்பது கவனத்துக்குரியது. ஒரு கலைவடிவம் மக்களிற் பெருந்தொகையினரைக் கவர்கின்றதாயின், அது எவ்வளவு கரடுமுரடானதாயினும், அதன் சமூக வேர்களை அறியாது புறக்கணிப்பது விமர்சனமாகாது, முகச்சுளிப்பே ஆகும். மட்டக்களப்புக் கூத்தும் ஒரு காலத்தில் இத்தகைய முகச்சுளிப்புக்கே உரியதாயிருந்தது. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்திலிருந்து அக்களரியை நாடிச் சென்ற பின்னரே, படித்த வர்க்கம் தான் இழந்திருந்ததன் பெறுமதியை ஓரளவு உணர்ந்தது.

இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா இதுவே: இறந்தோர் எழுந்து நடக்கும் இக்கதை யாருடைய அச்சத்தைச் சொல்கிறது? அது யாரை ஏற்கெனவே இறந்தோராகக் கணக்கிற் கொள்கிறது? இவ்வினாவை நாம் உன்னிச்சையில் நின்று கேட்க விரும்புகிறோம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் உட்பகுதியில், பெருங்குளமொன்றின் பெயரால் அறியப்படும் நெல்நிலம் அது. அங்கு நின்று நோக்கும்போது, அமெரிக்க நகரொன்றின் புறத்தே தோன்றிய ஒரு படவகை வேறு வெளிச்சத்திற் தெரிகிறது என்பதே எமது கருத்து.

சொல் பற்றி முதலில் ஒரு குறிப்பு. ‘சொம்பி’ என்று உலகம் வழங்குவதற்குத் தமிழில் ‘நடைப்பிணம்’ என்ற சொல் ஏற்கெனவே உண்டு. ஆனால் தமிழ் வழக்கில் நடைப்பிணம் என்பது புதைகுழியிலிருந்து எழுந்து வந்த ஒன்றன்று. கடனாலும் பசியாலும் துயராலும் உயிர்ப்பை இழந்தும் அன்றாட வேலைகளை இயற்றிக்கொண்டிருக்கும் மனிதனையே அச்சொல் சுட்டுகிறது. இறந்தவன் நடப்பது அன்று. நடப்பவன் இறந்திருப்பதே அதன் பொருள். இவ்வேறுபாடு வெறும் சொல் வேறுபாடன்று என்பதைப் பின்னர் காண்போம்.

2

சொம்பி அமெரிக்கத் திரைப்படக் கொட்டகையிற் பிறந்ததன்று. கரிபியன் கடலிலுள்ள ஹெயிட்டியின் கரும்புத் தோட்டங்களே அதன் தாயகம். பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சியின்கீழ் ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பால் ஐரோப்பாவுக்குச் சீனி வழங்கிய அத்தீவில், 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். 1804இல் சுதந்திர நாட்டை நிறுவினர். அம்மக்களின் நம்பிக்கையில், சூனியக்காரன் ஒருவன் இறந்தவனைக் குழியிலிருந்து எழுப்பித் தன் ஏவலுக்கு ஆளாக்கலாம். இவ்வாறு எழுப்பப்பட்டவன் எவரையும் கடிப்பதில்லை, எவரையும் தின்பதுமில்லை. அவன் வேலை செய்கிறான். கூலியின்றி, ஓய்வின்றி, பேச்சின்றி வேலை செய்கிறான். அடிமைக்கு மரணம் ஒன்றே தோட்டத்திலிருந்து தப்பும் இறுதி வழியாக இருந்தது. அந்த மரணத்தையும் எசமானன் பறித்துக்கொள்வான் என்பதே ஹெயிட்டியச் சொம்பியின் பயங்கரம். அம்மக்கள் சொம்பியைக் கண்டு அஞ்சினர் என்பதிலும், தாம் சொம்பியாக்கப்படுவோம் என்றே அஞ்சினர் எனல் பொருந்தும்.

மூலதனத்தை மார்க்ஸ் இறந்த உழைப்பாகக் கண்டு, அது உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழ்வதாக விளக்கியமை யாவரும் அறிந்ததே. ஹெயிட்டிய விவசாயி அதே உண்மையை மறுபுறத்திலிருந்து, உறிஞ்சப்பட்டவனின் உடலிலிருந்து, கதையாகச் சொன்னான்.

இந்நம்பிக்கையில் வேறொரு கூறும் உண்டு. சொம்பிக்கு உப்பில்லா உணவே இடப்படும். உப்பு நாவிற் பட்டால் அவன் தன் நிலையை உணர்ந்து, எசமானனை விட்டுப் புதைகுழி நோக்கித் திரும்பிவிடுவான். மானமிழந்து பணிந்து கிடப்பவனைப் பார்த்து, ‘நீ சோற்றில் உப்புப் போட்டுத்தானே தின்கிறாய்?’ என்று கேட்பது எம்மவர் வழக்கம். கடல்களுக்கு அப்பால் வாழ்ந்த இரு உழைக்கும் மக்கட் கூட்டங்கள், ஒன்றையொன்று அறியாமலே, உப்பையும் சுரணையையும் இணைத்தே சிந்தித்துள்ளன. உடல் உழைப்பால் வியர்வை சிந்துவோருக்கு உப்பின் பெறுமதி புத்தகத்திலிருந்து தெரியவேண்டியதில்லை.

1915 முதல் 1934 வரை ஐக்கிய அமெரிக்கா ஹெயிட்டியை இராணுவ ஆக்கிரமிப்பில் வைத்திருந்தது. வீதிகள் அமைப்பதற்காகக் கிராமத்தவர் கட்டாய உழைப்புக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். இக்காலப் பகுதியிலேதான் சொம்பி அமெரிக்கா சென்றது. வில்லியம் சீபுறூக் 1929இல் வெளியிட்ட பயண நூலில், அமெரிக்க முதலீட்டில் இயங்கிய சீனிக் கம்பனியின் கரும்பு வயல்களிற் கூலிக்கு விடப்பட்ட சொம்பிகளின் கதை இடம்பெற்றது. 1932இல் வெளியான ‘வைற் சொம்பி’ என்ற படத்தில், சீனி ஆலையிற் பணிபுரியும் உயிரற்ற கூட்டத்தில் ஒருவன் ஆலைப்பொறியினுள் விழுகிறான். ஏனையோர் நிமிர்ந்தும் பாராது செக்கைச் சுற்றுகின்றனர். முதலாளித்துவ உற்பத்தியின் குரூரத்தை இவ்வளவு சுருக்கமாகக் காட்டிய காட்சிகள் அக்காலப் படங்களிற் சிலவே. ஆயினும் அப்படம் அக்காட்சியிலே தரித்து நிற்கவில்லை. வெள்ளைப் பெண்ணொருத்தி சொம்பியாக்கப்படுவதே அதன் அவலமாயிற்று. கறுப்பு மக்கள் சொம்பியாக இருப்பது அதற்கு வெறும் பின்னணியாயிற்று.

3

ஜோர்ஜ் ரொமேரோவின் ‘நைட் ஒவ் த லிவிங் டெட்’ 1968 ஒக்டோபர் 1ஆம் திகதி பிற்ஸ்பேர்க் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. உருக்குத் தொழிலுக்குப் பேர்பெற்ற அந்நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துப் பிழைத்த இளைஞர் சிலரும் அவர்தம் நண்பரும் பத்துப் பேராகக் கூடி, தலா 600 டொலர் இட்டு ஆரம்பித்த முயற்சி அது. பின்னர் வேறு சிலரும் பணமிட, ஏறத்தாழ 114,000 டொலரில் படம் நிறைவெய்தியது. ஹொலிவூட்டின் அளவுகோலில் இது ஒரு பொருட்டே அன்று.

வறுமை இப்படத்தின் வடிவத்தையே தீர்மானித்தது. வர்ணப் படச்சுருள் கட்டுபடியாகாமையால் கறுப்பு வெள்ளை. அரங்கம் அமைக்க வழியின்மையால் இடிக்கப்படவிருந்த பண்ணை வீடொன்று. இரத்தத்துக்குச் சொக்லற் பாகு பயன்பட்டது; குடலுக்கும் இறைச்சிக்கும் முதலீட்டாளருள் ஒருவரான இறைச்சி வியாபாரி கைகொடுத்தார். நடித்தவரே ஒப்பனை செய்தனர், தயாரிப்பாளரே நடித்தனர், அயலூரவர் பிணங்களாகவும் துப்பாக்கி ஏந்திய தேடுதற் குழுவினராகவும் தோன்றினர். செய்திப் படத்துக்குரிய கரடான ஒளியும், தொலைக்காட்சி அறிவிப்பாளரின் வரண்ட குரலும், அறிமுகமற்ற முகங்களும் சேர்ந்து, பகட்டான அரங்கங்கள் தரவியலாத நம்பகத்தன்மையை இப்படத்துக்கு வழங்கின.

இவ்வுற்பத்தி முறை எமக்குப் புதியதன்று. படுவான்கரைக் கிராமமொன்றில் அண்ணாவியார் ஒருவர் கூத்துப் பழக்கும்போது நிகழ்வதும் ஏறக்குறைய இதுவே. வயல் வேலை ஓய்ந்த காலத்தில் ஊரவரே ஆடுகின்றனர். ஊரவரே உடுப்புக்கும் களரிக்கும் வழி தேடுகின்றனர். பார்ப்போரும் ஆடுவோரின் உறவினரே. ஈழத்துத் தமிழ்ச் சினிமாவின் தொடக்கமும் இத்தகையதே. 1962இல் வெளியான ‘சமுதாயம்’ 16 மில்லிமீற்றர் படச்சுருளில் எடுக்கப்பட்டது. தென்னிந்தியப் படங்களின் பெருவெள்ளத்துக்கு எதிரே அது ஓர் ஓடம். மகாராட்டிரத்தின் விசைத்தறி நகரமான மாலேகாவில், ஷேக் நசீர் 2000ஆம் ஆண்டளவில் உள்ளூரவரைக் கொண்டு பெரும் படங்களைக் கேலி நகலாக எடுத்தமையும் இவ்வரிசையிலேயே வைத்து நோக்கத்தக்கது.

ஆயினும் ‘குறைந்த செலவு’ என்ற தொடரை நாம் ஐயத்துடன் அணுகவேண்டும். பிரித்தானிய இளைஞரான மார்க் பிரைஸ் 2008இல் எடுத்த ‘கொலின்’ என்ற சொம்பிப் படத்துக்கு 45 பவுண் மட்டுமே செலவாயிற்று என்று விளம்பரப்படுத்தப்பட்டது. 45 பவுண் என்பது அப்படத்தின் செலவன்று. காசாகக் கொடுக்க நேர்ந்த தொகை மட்டுமே. பிணங்களாக நடந்தோரின் நாட்களும் ஒப்பனையாளரின் இரவுகளும் கணக்கில் எழுதப்படவில்லை. யப்பானில் 2017இல் ஷினிச்சிரோ உவேடா ஏறத்தாழ 30 இலட்சம் யென்னில் இயக்கிய ‘கமெரா வோ தொமெரு நா’ இவ்வகையில் நேர்மையானது. அதன் முற்பகுதி தொடர்ந்து 37 நிமிடம் ஓடும் ஒரே காட்சியாலான மோசமான சொம்பிப் படம். பிற்பகுதியோ அம்மோசமான படத்தை எடுத்து முடிக்க எத்தனை கைகள் உழைத்தன என்பதைக் காட்டுகிறது. திரைக்கு வெளியே மறைந்து கிடக்கும் உழைப்பைத் திரைக்குள் கொணர்ந்தமையே அதன் சிறப்பு. 300 கோடி யென்னுக்கு மேல் அது ஈட்டியது என்ற செய்தியைவிட இதுவே எமக்கு முக்கியமானது.

ரொமேரோவின் படம் தொடர்பாகச் சொத்துடைமை பற்றிய ஒரு செய்தியும் உண்டு. விநியோகத்தர் படத்தின் தலைப்பை மாற்றியபோது, பதிப்புரிமை அறிவித்தல் விடுபட்டுப்போயிற்று. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி அதனால் உரிமையே இழக்கப்பட்டது. படம் பல கோடி ஈட்டியும் அதனைப் படைத்தோர் கைக்கு உரிய பங்கு வந்து சேரவில்லை. இது அநீதியே. ஆனால் அதே காரணத்தால் படம் பொதுச் சொத்தாயிற்று. யாரும் திரையிடலாம், யாரும் அவ்வுருவத்தை எடுத்தாளலாம் என்ற நிலை உருவாயிற்று. உலகெங்கும் காசில்லாத இளைஞர் இவ்வுருவத்தைத் தமதாக்கிக்கொண்டமைக்கு இத்தவறும் ஒரு காரணமாகும். நாட்டார் கதை போன்று அது பரவியது. ஏனெனில், நாட்டார் கதை போன்று அதற்கும் உரிமையாளர் இருக்கவில்லை.

4

படத்தின் உள்ளடக்கத்துக்கு வருவோம். தந்தையின் கல்லறைக்குச் சென்ற சகோதரனும் சகோதரியும் எழுந்து நடக்கும் பிணமொன்றினால் தாக்கப்படுகின்றனர். தப்பிய பார்பரா பண்ணை வீடொன்றை அடைகிறாள். பென் என்ற கறுப்பு இளைஞனும், கூப்பர் என்பவனின் குடும்பமும், இளஞ்சோடி ஒன்றும் அங்கு சேர்கின்றனர். வெளியே பிணங்கள் பெருகுகின்றன. உள்ளேயோ, மேல்தளத்தில் நின்று எதிர்ப்பதா, நிலவறையிற் பதுங்குவதா என்ற சச்சரவே முடிவின்றித் தொடர்கிறது. இப்படத்தில் ‘சொம்பி’ என்ற சொல் ஓரிடத்திலும் வருவதில்லை. ஆயினும் ஹெயிட்டியின் உழைப்பாளி இங்கு தலைகீழாக்கப்பட்டுவிட்டான் என்பது தெளிவு. அங்கு அவன் சுரண்டப்பட்டவன். இங்கு அவன் விழுங்க வருபவன். அங்கு அவனை ஏவிய எசமானன் ஒருவன் இருந்தான். இங்கு ஏவியவன் எவனுமில்லை. விண்வெளியிலிருந்து திரும்பிய கோளின் கதிர்வீச்சு காரணமாயிருக்கலாம் என்ற ஊகம் மட்டுமே தரப்படுகிறது. சுரண்டும் உறவு மறைந்து, பசித்த கூட்டம் மட்டும் எஞ்சுகிறது. வீட்டையும் சொத்தையும் உடையவனின் அச்சம், மக்கள் திரளை இவ்வாறே காணும்.

ஆங்கில விமர்சகர் ரொபின் வூட் 1970களின் இறுதியில் எழுதியவற்றில், ஒரு சமுதாயம் அமுக்கி வைத்தவையே அரக்க உருவில் மீள்கின்றன என்று விளக்கினார். பயன்மிக்க விளக்கமே. ஆனால் அமுக்கப்பட்டது உள்ளத்து இச்சை என்றே பெரிதும் கொள்ளும்போது, வயலிலும் ஆலையிலும் அமுக்கப்பட்ட மனிதர் பார்வையிலிருந்து நழுவிவிடுகின்றனர். சொம்பியின் பிறப்பிடம் கரும்புத் தோட்டம் என்பதை நினைவிற் கொண்டால் இந்நழுவல் நேராது.

எனினும் ரொமேரோவின் படத்தை வெறும் பிற்போக்குப் படைப்பாகத் தள்ளிவிடல் தவறு. அதன் இறுதிப் பகுதி அதன் தொடக்கத்தைக் குற்றஞ்சாட்டுகிறது. இரவு முழுவதும் போராடி உயிர்தப்பிய ஒரே மனிதனான பென், விடிந்ததும் யன்னலருகே வருகிறான். துப்பாக்கியேந்திய வெள்ளையர் குழு அவனையும் பிணமெனக் கொண்டு சுட்டு வீழ்த்துகிறது. தொடர்ந்து அசையும் படம் நின்று, பத்திரிகைப் புகைப்படம் போன்ற நிழற்படங்கள் வருகின்றன: கொக்கிகளால் இழுக்கப்படும் உடல், விறகின் மீது எறியப்படும் உடல், தீ. பென் பாத்திரம் கறுப்பருக்கென எழுதப்பட்டதன்று. தேர்வுக்கு வந்தோருள் டுவேன் ஜோன்ஸ் சிறந்து விளங்கியமையாலேயே அவர் தெரிவு செய்யப்பட்டார் என ரொமேரோ கூறியுள்ளார். ஆனால் கலைப்படைப்பின் பொருளைப் படைப்பாளியின் நோக்கம் மட்டும் தீர்மானிப்பதில்லை. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4ஆம் திகதி கொல்லப்பட்டார். அதே ஆண்டில், கறுப்பு மனிதனொருவன் ஆயுதக் கும்பலாற் சுடப்பட்டு எரிக்கப்படும் காட்சியை மக்கள் எவ்வாறு வாசித்திருப்பர் என்பதை விளக்கவேண்டியதில்லை.

உன்னிச்சையில் நின்று பார்ப்போர் இக்காட்சியை வேறொரு பெயரால் அறிவர். எமது மொழியில் அது சுற்றிவளைப்பு. வரிசையாக வயல்வெளியிற் பரவி வரும் ஆயுததாரிகள், தூரத்தே தெரியும் உருவம், விசாரணையின்றி எடுக்கப்படும் முடிவு, பின்னர் தீ. 1980களின் இறுதியிலும் 1990இலும் இந்நாட்டின் தெற்கிலும் கிழக்கிலும் வீதியோரங்களில் உடல்கள் எரிந்து கிடந்தன. அமெரிக்கப் பார்வையாளனுக்கு அறுபதுகளின் உருவகமாக அமைந்த ஒன்று எமக்கு உருவகமே அன்று.

படத்தின் குறைகளையும் சொல்லவேண்டும். பார்பரா தொடக்கத்திலேயே செயலற்றுப் போகிறாள். பெண்ணின் அறிவுக்கும் எதிர்ப்புக்கும் அங்கு இடமில்லை. வீட்டினுள் இருப்போர் ஒன்றுபட முடியாமை மனித இயல்பாகவே காட்டப்படுகிறது. அதற்கு வெளியே ஒழுங்கமைந்து நிற்கும் ஒரே கூட்டு, கொல்லும் கூட்டே. மக்கள் கூடி நிற்பது ஒன்றில் பசி, அன்றேல் கொலை என்று காணும் நோக்கு நம்பிக்கை வரட்சியின் வெளிப்பாடாகும். ஆயினும் கூர்ந்து நோக்கின், படத்தின் மிகக் கொடிய கணங்கள் முகமற்ற கூட்டத்தால் நிகழ்வன அல்ல. பார்பராவை இழுத்துச் செல்வது அவளுடைய சொந்தச் சகோதரனின் பிணம். கூப்பர் தம்பதியருக்கு முடிவாக வருவது அவர்களது சிறுமகள். இறந்தவருக்குப் பெயரும் உறவும் உள்ள இடங்களிலேயே படம் உண்மையில் நடுங்க வைக்கிறது. இதனை மனதிற் கொண்டு எம்மவர் மரபுக்குத் திரும்புவோம்.

5

தமிழர் பேய்க்கதைகளிற் பேய்க்குப் பெரும்பாலும் பெயருண்டு, ஊருண்டு, வழக்கும் உண்டு. பழையனூர் நீலி இதற்குச் சிறந்த உதாரணம். வஞ்சிக்கப்பட்டுக் கொல்லப்பட்டவள் மீண்டும் வந்து, ஊரவர் முன்னிலையிற் தன் வழக்கை எடுத்துரைக்கிறாள். அவள் கேட்பது இரத்தத்தை மட்டுமன்று; தீர்ப்பை. அண்மைக் காலத் தமிழ்ப் பேய்ப்படங்களும் இம்மரபை முற்றாகக் கைவிட்டவையல்ல. ‘காஞ்சனா’வில் (2011) வணிகக் கோமாளித்தனம் மலிந்திருப்பினும், நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை ஒருத்தியின் முறைப்பாடே அதன் அச்சாணி. பேய் என்பது தீர்க்கப்படாத கணக்கு.

முகமற்ற பிணக்குவியலும் எம்மிலக்கியத்தில் இல்லாமலில்லை. கலிங்கத்துப்பரணியில் பசியால் வாடும் பேய்கள், போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு கூழ் சமைத்து உண்டு களிக்கின்றன. வியப்பும் நகையும் கலந்த அப்பயங்கரம் முதலாம் குலோத்துங்கனின் வெற்றிக்குப் புகழாரமாகச் சூட்டப்பட்டது. அங்கு கூழாகிய வீரர்களுக்குப் பெயரில்லை. பெயர் அரசனுக்கும் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமானுக்குமே உரியது. பிணத்தைப் பெயரற்றதாக்குதல் அதிகாரத்தின் கலை என்பதற்குப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே சான்றுண்டு. வழக்குரைக்கும் பேய் மக்களுடையது. பெயரற்ற பிணக்குவியல் அரசவையுடையது எனச் சுருக்கிக் கூறலாம்.

இப்பின்னணியில் 2016 பெப்ரவரியில் வெளியான ‘மிருதன்’ படத்தை நோக்குதல் வேண்டும். தமிழில் வந்த முதற் சொம்பிப் படமென விளம்பரப்படுத்தப்பட்ட இதனைச் சக்தி சௌந்தர் ராஜன் இயக்கினார். மிருகமும் மனிதனும் இணைந்து பிறந்த தலைப்பு அது. உதகமண்டலத்தில் இரசாயனக் கழிவு கசிய, அதனைப் பருகிய நாயினூடாக நோய் பரவுகிறது. தொழிற்சாலைக் கழிவு என்ற தொடக்கம் நம்பிக்கை தருவதே. ஆனால் கழிவை உண்டாக்கியவர் யார், கொண்டுசென்றவர் யார், அதனால் இலாபமடைந்தவர் யார் என்ற விசாரணை முதற்காட்சிகளோடு மறைந்துவிடுகிறது. அதன் பின்னர் எஞ்சுவது துப்பாக்கியேந்திய போக்குவரத்துப் பொலிஸ்காரனும், அவன் சுட்டுத்தள்ளும் நோயுற்ற மக்கள் கூட்டமும். நேற்றுவரை அயலவராயிருந்தோர் ஒரு கடியில் ‘மிருதர்’ ஆகிவிட, அவர்களைக் கொல்வது குற்றமன்று என்ற நிலை தோன்றுகிறது. நீலி மரபிலிருந்து பரணி மரபுக்குச் சென்ற பயணம் இது. பெருஞ் செலவுப் படம் ரொமேரோவிடமிருந்து கூட்டத்தைக் கடன் வாங்கியது. பென்னின் மரணத்தைக் கடன் வாங்கவில்லை.

6

இனிப் படுவான்கரைக்கு வருவோம். மட்டக்களப்பார் மந்திரத்தாற் பாயோடு ஒட்டவைத்துவிடுவர் என்ற பழம்பேச்சு இலங்கை முழுவதும் அறியப்பட்டது. இதன் பொருளியல் அடிப்படை எளிதில் விளங்கத்தக்கது. வணிகத்துக்கும் உத்தியோகத்துக்கும் வந்த யாழ்ப்பாணத்து ஆடவர், பெண்வழிச் சொத்துரிமையும் மனைவி வீட்டில் வாழும் வழக்கமும் நிலவிய இச்சமூகத்தில் மணம் முடித்து, நெல்வயலோடும் வளவோடும் தங்கிவிட்டனர். திரும்பாத மகனுக்கு விளக்கம் தேடிய குடும்பங்கள் மந்திரத்தைக் கண்டன. அறுவடைக் காலத்துக் களவெட்டியிலோ, வழமையான சொற்களைத் தவிர்த்துத் தனிச்சொற்களை வழங்கும் மரபு இருந்தது. பூதங்கள் பேச்சைக் கேட்டு விளைச்சலைக் கொண்டுபோய்விடும் என்பது நம்பிக்கை. போடியார், முல்லைக்காரர், வயற்காரர் என அடுக்கமைந்த அவ்வுற்பத்தி உறவில் விளைச்சலின் பெரும்பகுதி எங்கே சென்றது என்பதற்குப் பூதம் தேவையில்லை. ஆனால் போடியாரைக் குற்றஞ்சாட்ட இயலாத இடத்தில் பூதம் தேவைப்பட்டது.

எனவே இம்மண்ணிற் திகில் என்பது இறக்குமதிப் பண்டமன்று. கைத்தொலைபேசியொன்றும் நண்பர் சிலரும் இருந்தாற் படமெடுக்கலாம் என்ற இன்றைய நிலையில், உன்னிச்சைக் குளக்கட்டில் இளைஞர் சிலர் சொம்பிப் படமொன்றை எடுக்க முற்படின் அதனை எள்ளி நகையாட எமக்கு உரிமையில்லை. மாவும் சாயமும் பூசி அயலவர் நடந்தாற் போதும் என்பதால் ஆர்வலர் இவ்வகையை நாடுவதும் இயல்பே. ஆனால் அவர்கள் முன் ஒரு வினா வைக்கப்படும். மூங்கிற் தடியால் அடித்து வீழ்த்தப்படும் அப்பிணம் யார்?

இவ்வினா இங்கு ஏன் தவிர்க்கவியலாதது? 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலையிற் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாகத் தங்கியிருந்தோரில் 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டனர்; அவர்கள் திரும்பவில்லை. செப்டெம்பர் 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் பெண்களும் குழந்தைகளும் உட்படக் கிராமத்தவர் கொல்லப்பட்டனர். அதற்கு முன்னர், அதே ஆண்டு ஓகஸ்ட் 3ஆம் திகதி, காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். யூலையிற் குருக்கள்மடத்தில் வழிமறிக்கப்பட்ட முஸ்லிம் பயணிகளின் உடல்களும் உறவினரிடம் சேரவில்லை. உன்னிச்சையில் அயலவராய் வயல் செய்த முஸ்லிம் குடும்பங்களும் அவ்வாண்டில் இடம்பெயர நேர்ந்தது. தமிழரும் முஸ்லிம்களும் இழந்தோரை ஒரே மண்ணில் தேடுகின்றனர். தெற்கிற் சிங்கள இளைஞர் பல்லாயிரவர் 1987 முதல் 1990 வரை இவ்வாறே காணாமலாக்கப்பட்டதையும் இதனோடு சேர்த்தே எண்ணவேண்டும்.

காணாமலாக்கப்பட்டவர் உயிருள்ளோரும் அல்லர், இறந்தோரும் அல்லர். எட்டும் முப்பத்தொன்றும் ஆண்டுத் திவசமும் செய்ய வழியில்லை. மனைவி சுமங்கலியா, விதவையா என்பதற்கு விடையில்லை. மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஒருவர் காணப்படவில்லை என்பதை மட்டும் பதியும் சான்றிதழுக்குச் சட்டம் 2016இல் இடமளித்தது. அதே ஆண்டில் நிறைவேறிய சட்டத்தின்கீழ் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2018இற் செயற்படத் தொடங்கியது. உயிருக்கும் மரணத்துக்கும் இடைப்பட்ட ஒரு நிலையை அரசு எழுத்தில் ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்நிலையை உண்டாக்கியவர் யார் என்ற விடை இன்னும் அந்த எழுத்தில் இடம்பெறவில்லை. ஹெயிட்டிய அடிமையிடமிருந்து எசமானன் மரணத்தைப் பறித்தான். இங்கு அதிகாரம் மக்களிடமிருந்து மரணத்தின் சடங்கையும் நாளையும் இடத்தையும் பறித்தது.

இத்தகைய மண்ணில், திரும்பி வரும் இறந்தவனைக் கண்டு அஞ்சுவது எவ்வாறு? திரும்பி வரமாட்டானா என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் படலையைப் பார்த்திருக்கும் தாய்க்கு, திரும்பி வருதல் பயங்கரமன்று, வராமையே பயங்கரம். ஹொலிவூட் வகுத்த சொம்பிப் படத்தின் அடிப்படை விதி இங்கு உடைந்துபோகிறது. அவ்விதி தெரியாமையால் அன்று, அதனை ஏற்கமுடியாமையால் உடைகிறது. இவ்வுடைவே எம்மவர் படைக்கக்கூடிய புதிய வடிவத்துக்குத் தொடக்கமாகலாம்.

7

இதற்கு எதிராக இரு வாதங்கள் எழலாம். பொழுதுபோக்குப் படத்தின் மீது இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்பது ஒன்று. பாரத்தை நாம் ஏற்றவில்லை. ஏந்திய துப்பாக்கியும் வீழும் கூட்டமும் ஏற்கெனவே அப்பாரத்தைச் சுமந்தே வருகின்றன. போரைத் திகிற்கதையாக்குவது துயருற்றோரை அவமதிக்காதா என்பது மற்றையது. இது மதிக்கத்தக்க வாதம். இறந்தோரைச் சாயம் பூசிய கேலிப் பொருளாக்கும் படம் அவமதிப்பே. ஆனால் கூத்துக் களரியிலே அபிமன்யுவின் மரணத்துக்கு ஊர் முழுவதும் அழுதது, அது வேடம் என்று அறியாமையால் அன்று. வேடமும் துயரும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல.

ஆகவே நாம் முன்வைக்கும் அளவுகோல் எளிதானது. ஒரு நடைப்பிணப் படம், எவ்வளவு மலிவாக எடுக்கப்பட்டதாயினும், தான் வீழ்த்தும் உடல்களுக்குப் பெயர் தருகிறதா? அவற்றை அந்நிலைக்கு ஆளாக்கிய எசமானனைத் தேடுகிறதா? தன்னை ஆக்கிய கைகளை மறவாதிருக்கிறதா? ரொமேரோவின் படம் இரண்டாம் வினாவிற் தவறி, முதலாவதற்குத் தன் இறுதி நிழற்படங்களால் பாதி விடை தந்தது. ‘மிருதன்’ இரண்டாம் வினாவைத் தொட்டுக் கைவிட்டு, முதலாவதைக் கேட்கவேயில்லை. உவேடாவின் படம் மூன்றாவதற்கு முழு விடை பகர்ந்தது. மூன்றையும் ஒருங்கே கேட்கும் படம் பெரும் பணத்திலிருந்து வரும் என நாம் எதிர்பார்க்கவில்லை. பணம் போடுவோருக்கு எசமானனைத் தேடும் கதை உவப்பாயிராது.

அத்தகைய படைப்பு, சொந்த ஊரவரை நடிக்கவைத்து, சொந்தக் குளக்கட்டில் எடுக்கும் ஏழை ஆர்வலரிடமிருந்து வருதல் கூடும். பிணமாக நடப்பவன் இன்னாரின் மகன் என்பது அங்கு பார்ப்போர் யாவருக்கும் தெரியும். முகமற்ற கூட்டம் என்பது அங்கு எடுக்கவே இயலாத காட்சி. வசதியின்மை கலைக்கு உதவிசெய்யும் அபூர்வமான இடங்களுள் இதுவும் ஒன்று. தமிழ் விமர்சகர் இத்தகைய முயற்சிகளைத் தேடிச் சென்று பார்க்கவும், பார்த்தவற்றைப் பதிவு செய்யவும், குறைகளை நட்புடனும் கண்டிப்புடனும் எடுத்துரைக்கவும் கடமைப்பட்டுள்ளனர். கூத்துக்குச் செய்ததை இதற்கும் செய்யத் தயங்கவேண்டியதில்லை. உப்பில்லாச் சோறு உண்ண மறுக்கும் கலையே எமக்கு வேண்டியது. அது எந்தக் களரியில் ஏறி வந்தாலும் வரவேற்கத்தக்கதே.